முப்பது மில்லி

மாமாவின் வண்டியிலிருந்து ஏசி கம்ப்ரஸரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

இது ஐந்தாவது முறை.

கேஸை ஏற்கெனவே இழுத்துச் சிலிண்டரில் பிடித்தாயிற்று. இனி உள்ளே எண்ணெய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்க வேண்டும். கம்ப்ரஸரைக் கவிழ்த்துப் பிடித்து, முன்தட்டைக் கையால் மெல்லச் சுற்றினால் சொட்டுச் சொட்டாக வரும். அவசரப்பட்டால் அளவு தப்பும்.

எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஃபோர்மேன் பின்னால் வந்து நின்றார்.

"என்ன இன்ஜினியரே, ஊர் வண்டியெல்லாம் உன் கை பட்டா ரெண்டு வருஷம் ஓடுது. மாமனார் வண்டி மட்டும் மூணு மாசம் தாங்க மாட்டேங்குதே. கல்யாணச் சாப்பாட்டுல ஏதாவது குறை வச்சுட்டாரா?"

கல்யாணம் என்ற சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பின்னந்தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

என் மனைவி இறந்து பதினைந்து மாதம் ஆகிறது.

மாமா காதில் எதுவும் விழாதவர்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அதே இடம், என்னிடமிருந்து ஒரு கை தூரம். வேலை முடிய அரை நாள் ஆகும், வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று முதல்முறை சொன்னேன். போகவில்லை. அதன்பின் நான் சொல்வதில்லை.

அவர்கள் வீட்டுக்கு நான் போவதை விட்டுவிட்டேன். இரண்டு முறை கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மாமாவும் அத்தையும் என் வீட்டுக்கு வருவதில்லை. வந்தால் எங்கே உட்கார்வது, எதைப் பார்த்துப் பேசுவது?

ஏசி குளிரவில்லை என்றால் மட்டும் மாமா ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். கேஸ், பெல்ட், டயர் என்று பேசுவோம். நடுவில் அவர் டீ வாங்கி வருவார். அவள் பெயரை இருவரும் சொல்ல மாட்டோம். போன முறை ஒரே ஒருதடவை, அவள் ஏசியையும் போட்டுவிட்டுக் கண்ணாடியையும் இறக்கிவைப்பாள் என்று ஆரம்பித்தார். பாதியில் டயருக்குத் தாவிவிட்டார்.

இந்த ஏசி ஒழுங்காக ஓடத் தொடங்கினால் எங்களுக்குள் அந்தப் பேச்சும் இருக்காது.

"எவ்வளவு மாப்ள வந்துருக்கு?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ரிப்போர்ட்டோடு நின்றபோது கேட்ட அதே குரல்.

"முப்பது மில்லி மாமா. எழுபதாவது வரணும்."

"போன தடவ அம்பது இருந்துச்சே."

அளவுக் குவளையை வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்திருந்தது. ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்தேன். இரண்டு மூன்று இடத்தில் மினுங்கியது. உலோகத் தூள்.

எண்ணெய் குறைந்து உள்பாகங்கள் உரசத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் ஒரு கோடை இப்படியே ஓடினால் கம்ப்ரஸர் இறுகிவிடும். பெல்ட் அறுந்து வண்டி நடுரோட்டில் நிற்கும். உள்ளே மாமாவும் அத்தையும் இருப்பார்கள்.

கசிவு எங்கே என்று நான் தேடவில்லை. எனக்குத் தெரியும்.

கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி, சுற்றி, கொட்டினேன். மறுபடி ஊற்றிக் கொட்டினேன். மூன்றாம் முறை தெளிந்து வந்தது. பிறகு அளந்து ஊற்றினேன். கூடினாலும் குளிராது, குறைந்தாலும் குளிராது. டப்பாவை உடனே மூடினேன். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

கம்ப்ரஸரை அதன் இடத்தில் ஏற்றி போல்ட்டுகளை முடுக்கினேன்.

ஹோஸ் வந்து சேரும் வாயில், கேஸ் கசியாமல் அடைக்க, சின்னதாக ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும். கல்லூரியில் படிக்காதவனுக்கும் தெரியும்.

அலமாரியிலிருந்து புது பாக்கெட்டை எடுத்துப் பிரித்தேன். வளையத்தை எண்ணெயில் தோய்த்துப் பொருத்தினேன். ஹோஸை வைத்து இறுக்கினேன்.

மாமா ஸ்டூலைவிட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இது எத்தன நாளு தாங்கும் மாப்ள?"

"நாலஞ்சு வருஷம் மாமா."

அவர் நிமிர்ந்தார். கைக்குட்டையை எடுத்து, மடித்திருந்ததை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நாலு தடவையும் பழசத்தான தொடச்சுப் போட்டீங்க," என்றார். "அதுவே இருந்திருக்கலாம்."

நான்கு முறையும் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பேனரைத் துணியில் துடைத்தேன். அதில் அழுக்கு இல்லை. ஃபோர்மேன் எங்கோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"முன்சக்கரத்துல ஏதோ சத்தம் வருது மாமா," என்றேன். "அடுத்த மாசம் கொண்டு வாங்க, பாத்துடலாம்."

வண்டியை நான் ஓட்டிப் பார்க்கவேயில்லை.

மாமா சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஆமா மாப்ள. உங்க அத்தகூட நேத்தே சொன்னா. எங்கேருந்து வருதுன்னு அவளுக்குத்தான் தெரியும். கூட்டிட்டு வரேன்."