அவள் சார்பில்

"ஹாஜர் பேச மாட்டேன்னு சொல்லிட்டாளா? எப்போ?"

"இப்பத்தான், மேடம். உடம்பு சரியில்லையாம். ஆளைப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கா" என்றார் பேராசிரியர் முன்ஸெஃப். கருத்தரங்கை நடத்துகிறவர், ஆய்விதழின் ஆசிரியரும் அவர்தான்.

பேராசிரியை நஸீஹாவுக்குச் சுருக்கென்றது. துனிஸ் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டு நாள் கருத்தரங்கு நடப்பதே அவருடைய புத்தகம் வெளிவந்து இருபது வருடம் ஆனதைக் கொண்டாடத்தான். கட்டுரை அனுப்பியவர்கள் எழுபது பேர். மேடை கிடைத்தது பதினெட்டுப் பேருக்கு. அதில் ஹாஜரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர் நஸீஹா.

ஹாஜர் அவரிடம் படித்தவள். ஐந்து வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். கருத்தரங்குக் கட்டுரைகளைத் தொகுத்து ஆய்விதழ் போடும் சிறப்பிதழில் அவள் கட்டுரை வந்தால் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம். இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"நன்றி கெட்ட ஜென்மங்க" என்றார் நஸீஹா. "எங்க காலத்துல இப்படி ஒரு மேடை கிடைச்சா அல்ஜியர்ஸ் வரைக்கும் ரயில்ல நின்னுக்கிட்டே போயிருப்போம். இதுங்களுக்கு உடம்பு சரியில்ல."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க, மேடம்" என்று முன்ஸெஃபும் ஒத்து ஊதினார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

வந்திருந்த எல்லார் தோளிலும் ஒரு துணிப்பை. அதில் ஹலூமாவின் முகம். இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன சாயக்காரன் மனைவியின் முகத்தை யார் பார்த்தார்கள்? ஓர் ஓவியர் இஷ்டத்துக்கு வரைந்தது. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் நீதிமன்றத்துக்குத் தங்கள் சார்பில் ஓர் ஆளை அனுப்பிப் பேச வைக்கலாம். விதவை ஹலூமா தன் கொழுந்தனை மூன்று முறை அனுப்பி வழக்காடி, கடைசியில் வீட்டைத் தன் இஷ்டப்படி விற்றுவிட்டுத் தனியாக வாழப் போனாள். பழைய பதிவேடுகளிலிருந்து நஸீஹா தோண்டி எடுத்த வீராங்கனை அவள். அவளைப் பற்றிய அந்தப் புத்தகம் நாலு மொழிகளில் வந்திருந்தது.

ஹாஜர் முற்றத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி மேலே போட்ட பைன் பருப்பு ஊறி உப்பிப் போயிருந்தது.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, மேடம்."

"அப்புறம் என்ன கேடு? சிபாரிசு பண்ணினவ நான். என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

ஹாஜர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பதிவேட்டின் ஒரு பக்கம், புகைப்பட நகல். வேறொரு ஊரின் கட்டோடு தவறுதலாகச் சேர்த்துத் தைத்திருந்தார்களாம். போன வாரம்தான் அவள் கையில் கிடைத்ததாம்.

நஸீஹா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்றே வரி. சாயக்காரர் விதவை ஹலூமா நேரில் வந்து சொன்னது: 'நான் யாரையும் அனுப்பவில்லை. என் கொழுந்தன் என் பேரைச் சொல்லி என் வீட்டை விற்றுவிட்டான். இன்று தெருவில் நிற்கிறேன்.' கீழே நீதிபதியின் குறிப்பு: காலம் கடந்து வந்த புகார், தள்ளுபடி.

நஸீஹா தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"மேடை ஏறினா இதைச் சொல்லாம இருக்க முடியாது, மேடம். உங்க விழாவுல நான் எப்படிச் சொல்றது? அதான்."

"கட்டுரையில?"

"இருக்கு. போன வாரம் சேர்த்தது, முன்ஸெஃப் சார்கிட்ட இன்னும் கொடுக்கல. அந்தப் பகுதியை எடுத்துடறேன். முதல்ல நீங்களே எழுதிடுங்க. கண்டுபிடிச்சது நீங்கன்னே இருக்கட்டும். என் கட்டுரை வந்தா எனக்குப் போதும்."

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல, மேடம். உங்ககிட்டதான் முதல்ல."

நஸீஹா அவளை இழுத்து அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். தன் கோட்டில் செருகியிருந்த மல்லிகைச் செண்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ எனக்கு மகள் மாதிரி. வீட்டுக்குப் போய் நிம்மதியாப் படு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

ஹாஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் நஸீஹா நிறைவுரையில் ஹலூமாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இருபது வருடமாகப் பேசிய அதே பேச்சு, ஒரு வரி மாறவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் முன்ஸெஃப் பட்டியலோடு வந்தார். சிறப்பிதழின் பொறுப்பு நஸீஹாவுடையது. அவர் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போய்விடும்.

"ஹாஜர் கட்டுரை பட்டியல்ல இருக்கு, மேடம். பேசலைன்னா என்ன, போட்டுடலாமா? நல்லாத்தான் எழுதியிருக்கா."

"வேணாம். கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கிறாளாம்."

முன்ஸெஃப் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா அவ கைப்பட ரெண்டு வரி எழுதிக் கொடுக்கணுமே. விதி இருக்கே."

நஸீஹா பேனாவைத் திறந்தார்.

"அவதான் பஸ் ஏறிப் போயிட்டாளே. தன் வாயாலதான் என்கிட்ட சொல்லிட்டுப் போனா. கொண்டாங்க, அவ சார்பில் நான் கையெழுத்துப் போடறேன்."