உறுதியாச் சொல்றேன்

பேருந்து எரிந்ததில் அடையாளம் தெரியாமல் மிஞ்சியது ஒரு பெண்ணின் உடல்தான். மகளைக் காணோம் என்று ஓர் அம்மா வந்தார். அவருடைய கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, அந்த உடலிலிருந்து எடுத்த மாதிரியோடு டிஎன்ஏ மெஷினில் வைத்தேன். நான் சாப்பிட்டு வருவதற்குள் முடிவு சொல்லிவிடும். இதுவரை பிசகியதே இல்லை.

தாயும் மகளும் என்று வரவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்று வந்தது. மறுபடி வைத்தேன். அதுவே வந்தது.

"உங்ககூட ரெட்டையாப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"நான் ஒத்தப் பிள்ளைங்க. அது என் பொண்ணா? அதைச் சொல்லுங்க."

"இல்லம்மா. உறுதியாச் சொல்றேன்."

"என் வயித்துல பாலை வார்த்தீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தப் படியிலேயே, அவரை உரித்து வைத்தாற்போல் ஓர் இளம்பெண் ஏறி வந்தாள்.

"எங்கம்மா அந்த பஸ்லதான் வந்தாங்க சார். காணோம்."