பதிவு செய்த எண்

"சார், உங்க போனுக்கு இப்ப ஓ.டி.பி. ஒண்ணு வந்திருக்கும். அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"அடேங்கப்பா! இந்த வேலைக்குச் சின்னப் பொண்ணுங்களும் கிளம்பிட்டீங்களா?" மறுமுனையில் தையல் மெஷின் தடதடத்தது. "போன மாசம் என் மச்சான் இப்படித்தான் யாருக்கோ நம்பரைச் சொல்லிட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தான். ஏமாத்தறதுக்கு வேற டெய்லரைப் பாரு."

"ஐயோ, வெச்சிடாதீங்க! நான் காலேஜ்ல சேரப்போற பொண்ணு, சார்."

"அப்புறம் ஏன் இப்படிக் கிசுகிசுக்கறே?"

அவள் ஒருக்களித்திருந்த கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் மணி நான்கு நாற்பத்தாறு. பாடப்பிரிவை மாற்றிக்கொள்ள ஐந்து மணி வரைதான் அவகாசம்.

"பக்கத்து ரூம்ல அம்மா இருக்காங்க. கேட்டா என்னைத் தொலைச்சுடுவாங்க."

"வீட்டுக்கே தெரியாமலா? நல்லா இருக்கே கதை!"

"அஞ்சு மணிக்குள்ள என் பாடத்தை மாத்தணும் சார். அந்த நம்பரைப் போட்டாத்தான் மாத்த விடும்."

"உன் பாடத்தை மாத்த என் போன் எதுக்கு?"

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அது எங்கப்பா நம்பர். விண்ணப்பத்தை அவர்தான் உட்கார்ந்து நிரப்பினார். அந்த வாரமே... தவறிட்டார். ஏழு மாசமாச்சு. ஸ்விட்ச் ஆஃப்னுதான் வரும்னு நினைச்சு அடிச்சேன். நீங்க எடுத்துட்டீங்க."

மெஷின் நின்றது.

"நான் இந்த சிம் வாங்கி ரெண்டு மாசந்தான் ஆகுது." குரல் இறங்கியிருந்தது. "எதுலேர்ந்து எதுக்கு மாத்தறே?"

"மருந்தியல்லேர்ந்து தாவரவியலுக்கு. அப்பா மருந்துக்கடை வெச்சிருந்தார். நானும் அதையே படிக்கணும்னு அவருக்கு ஆசை. எனக்குச் செடி கொடின்னா உசிரு. 'அப்பா தன் கையால போட்டது, அதுல கைவைக்காதே'ன்னு அம்மா காலையிலகூட ஒரே சத்தம்."

மறுமுனையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. நான்கு ஐம்பத்து மூன்று. அடுத்த அறையில் அம்மா இருமினாள்.

"சார்? இருக்கீங்களா?"

"இரும்மா, கண்ணாடியைத் தேடறேன்... ம், போட்டுக்கோ. நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு, பூஜ்யம், ரெண்டு."

ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'பாடப்பிரிவு மாற்றப்பட்டது' என்று வந்தது.

"மாறிடுச்சு சார்!" என்றவள் மறுநொடியே கதவைப் பார்த்தாள். "இனி அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"பயப்படாதே. தினமும் மத்தியானம் மூணு மணிக்கு இந்த நம்பருக்கு ஒரு அம்மா கூப்பிடறாங்க. என்னை ஒரு ஹலோகூடச் சொல்ல விடமாட்டாங்க. 'அவ செடி கொடியே படிக்கட்டுங்க, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு கெஞ்சிட்டு வெச்சிடறாங்க."

டெய்லரின் மெஷின் மறுபடி தடதடத்தது.

"அப்பா சரின்னுட்டார்னு, போய்ச் சொல்லிடும்மா."