அணையாத அடுப்பு

ரூபினி பையிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பெட்டிப் பால்.

முகம்மது கனி பாலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சூலியா வீதியில் வெகுகாலமாகக் கூடாரமும் கேம்பிங் அடுப்பும் விற்கிறவர். பாலோடு வந்து நின்றவர்கள் யாரும் இல்லை.

“கேம்பிங் எங்கக்கா? தெலுக் பஹாங் கடற்கரையா?”

“புது வீட்டுக்கு அண்ணே. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும். பொங்கி வழிஞ்சா தீ அணையக் கூடாது. காய்ச்சிப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்.”

“அப்ப டீத்தூளையும் கொண்டு வந்திருக்கலாம் லா. கடையில எல்லாருக்கும் ஆச்சு.”

அவள் சிரிக்கவில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் சுங்கை பாக்காப்பில், மாமனார் கட்டிய புது வீட்டில், புது மருமகள் என்று அவள் கையில்தான் பாலைக் கொடுத்தார்கள். கணவன் லோகேஸ்வரன் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்த கேம்பிங் அடுப்பு, கூடத்தில் கிழக்கு பார்த்து இருந்தது. பால் நுரைத்து ஏறியது. விளிம்பைத் தாண்டியது. எல்லோரும் கைதட்டப் போன நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

தீ அணைந்துவிட்டது.

அந்த வருடமே மாமனார் படுக்கையில் விழுந்தார். லோகேஸ்வரனின் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. கணவனின் அக்கா ஜெயலெட்சுமி மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னார். “கை ராசி. நாம என்ன பண்ண முடியும்?”

மற்றவர்கள் சொல்லவில்லை. செய்தார்கள். அதன்பிறகு யார் வீட்டுப் பொங்கலானாலும் ரூபினி கைக்கு வாழை இலையும் கத்தியும்தான் வந்தன. பானைப் பக்கம் அவள் போனால் யாராவது அன்பாகத் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள்.

கொஞ்ச நாளில் அவளே திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டாள். அதுதான் அவளுக்கு இப்போது அதிகமாக வலித்தது.

இந்த அடுக்குமாடி வீடு அவள் சம்பளத்திலும் சேர்த்து வாங்கியது. நேற்று ஜெயலெட்சுமி அண்ணி போன் பண்ணினார். “இந்தத் தடவ பால நான் காய்ச்சிக் குடுக்குறேன். நீ எலைய நறுக்கு.”

“நான்தான் காய்ச்சுவேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

முகம்மது கனி இருப்பதிலேயே நல்லதென்று ஓர் அடுப்பைக் கொண்டுவந்து நடைபாதையில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். கேஸ் டின்னைப் பொருத்தினார். பாலை ஊற்றினார். பற்றவைத்தார்.

ரூபினி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பால் ஏறியது. பொங்கியது.

டக்.

அதே சத்தம்.

“பார்த்தீங்களாக்கா!” என்றார் முகம்மது கனி, ஏதோ வித்தை காட்டி முடித்தவர் போல. “தீயோரம் இந்தக் கம்பி இருக்குல்ல? இதுல பால் பட்டா கேஸ் தானா நின்னுடும். வீடு பத்திக்காது.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை இன்னும் கட்டியபடியே இருந்தன. பாலை ஊற்றியது அவர். பற்றவைத்தது அவர்.

“எட்டு வருசத்துக்கு முந்தியும் இப்படி அடுப்பு இருந்துச்சா அண்ணே?”

“இருந்துச்சே. விலை கூடுனது எல்லாத்துலயும் இருக்கும்.”

“இன்னொரு தடவ காட்டுங்க.”

துடைத்து, ஆறவிட்டு, மறுபடி பற்றவைத்தார். மறுபடி பொங்கியது. டக்.

முகம்மது கனிக்கு அப்போதுதான் அவள் வந்த காரணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் இன்னோர் அடுப்போடு வந்தார். மெல்லிய தகரம். விலை பாதிகூட இல்லை.

மிச்சமிருந்த பால் அதில் பொங்கியது. தீ சீறியது, மஞ்சளாகித் தடுமாறியது, பிறகு நிமிர்ந்து எரிந்தது.

“இதான் உங்க அடுப்பு. கம்பி கிம்பி ஒண்ணும் கெடையாது. என்ன ஊத்துனாலும் எரியும் லா.”

நடைபாதையெங்கும் தீய்ந்த பாலின் வாசம். ரூபினி எரிகிற தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதைத் தேடித்தான் வந்தாள். விலையும் அவள் நினைத்ததற்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை தீ அணையாது. எல்லோரும் கைதட்டுவார்கள். ‘ஏதோ இந்த முறை நல்லபடியா முடிஞ்சுது’ என்று அண்ணி பெருமூச்சு விடுவார்.

அவளை மன்னித்துவிடுவார்கள். அவ்வளவுதான். அந்த எட்டு வருடம் அப்படியேதான் இருக்கும்.

கம்பியைப் பற்றிச் சொன்னால்? அடுப்பின்மேல் பழியைப் போடுகிறாள் என்பார்கள். இது சொல்லி விளங்குகிற விஷயம் இல்லை. அவளுக்கே பார்த்த பிறகுதான் விளங்கியது.

“அணையுறதையே கட்டுங்க அண்ணே.”

“பால் காய்ச்சன்னு சொன்னீங்களேக்கா?”

“பால் காய்ச்சத்தான்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்பை அதன் பெட்டிக்குள் வைக்க, ரூபினி போனை எடுத்தாள்.

“அண்ணி, நேத்து கோவத்துல பேசிட்டேன். பால நீங்களே வந்து காய்ச்சுங்க. அடுப்பு மட்டும் நான் வாங்கிட்டேன்.”