சூடான வண்டி

“காலையில கேக்குற சத்தம் வண்டி சூடானதும் நின்னுடுச்சுன்னா, கோளாறு சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?” என்று கணவர் ஒருமுறை அவளைக் கேட்டார். மெக்கானிக் ஷெட் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த அவள், ஆமாம் என்று தலையாட்டினாள்.

“கிழிஞ்சுது போ. பிளக் போனா வண்டி உதறும். பெல்ட் தேய்ஞ்சா கீச்சுனு கத்தும். ரெண்டும் நல்ல கோளாறு, ஊரைக் கூட்டிச் சொல்லிடும். இந்த டிக் டிக் இருக்கே, இது திருட்டுக் கோளாறு. இன்ஜினை ஒட்டின புகைக்குழாய்ல விரிசல். சூட்டுல இரும்பு விரிஞ்சா சத்தம் அடங்கும், கசிவு முழுசா அடங்காது. அந்தப் புகை ஏசி வழியா உள்ள வரும். ஓட்டுறவனுக்கு முதல்ல தலைவலி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கம் கலையாது.”

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். பக்கவாதம் பேச்சையும் கைகால்களையும் வாரிக்கொண்டு, காதையும் வலது ஆள்காட்டி விரலையும் மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தது.

பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் போலிருக்கிறது. போன வாரம் மகன் இதே அறையில் நின்றுகொண்டு, யாரிடமோ போனில், “இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்க” என்றான். தன் சாவைத்தான் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. கிடப்பவளைவிடப் பார்த்துக்கொள்பவர்களுக்குத்தானே பாரம்.

ஜன்னலுக்கு வெளியே மருமகள் வேலைக்கு ஓட்டிப்போகும் சின்ன கார் நிற்கும். எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். அதில் ஒருநாள் காலை அந்தச் சத்தம் கேட்டது. மருமகளுக்கும் கேட்டது. புருஷனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று அவன் சொல்லிவிட்டான்.

பால்பல் விழுந்த வயதிலேயே பிளக் கழற்றக் கற்றவன், அப்பாவின் ஷெட்டில் வளர்ந்தவன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து காது மழுங்கிவிட்டது என்று கட்டிலில் கிடந்தவள் நொந்துகொண்டாள். மற்றபடி தங்கமான புருஷன். மறுநாளிலிருந்து மனைவி குளித்து வருவதற்குள் வண்டியை அவனே ஸ்டார்ட் செய்து, துடைத்து, தயாராக நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனுக்கு அவனைக் காட்டிக் காட்டித் திட்டினாள்.

இன்றும் ஸ்டார்ட் செய்தான். டிக், டிக், டிக்.

மருமகள் ஈரத்துணியால் மாமியாரின் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் நெற்றியை அழுத்திக்கொண்டாள். “நேத்தும் மண்டையிடி, அத்தை. லீவு நாள்ல வர்றதே இல்ல. ஆபீஸ்னா என் தலைக்கே பிடிக்கல.”

அவள் கட்டில் கம்பியில் விரலால் தட்டினாள். டிக், டிக், டிக்.

“என்ன அத்தை, தந்தி அடிக்கிறீங்க? தண்ணி வேணுமா? திரையை இழுக்கவா?”

அவள் விடாமல் தட்டினாள். மருமகள் விரலைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். “வண்டியா? ஏங்க, இங்க வாங்களேன். அத்தைக்கும் அந்தச் சத்தம் கேக்குது.”

வண்டி துடைத்த துணியை உதறிக்கொண்டே நிதானமாக உள்ளே வந்தான் மகன். அவன் வந்து சேர்வதற்குள் சத்தம் தேய்ந்து அடங்கிவிட்டது.

“இப்பக் கேளு. ஏதாவது இருக்கா? இன்ஜின் சத்தத்துலயே வளந்த எனக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதாக்கும். நீதான் பெரிய மெக்கானிக்.”

“நான் மெக்கானிக் இல்லீங்க. எனக்கென்ன தெரியும்.”

“தெரியுதுல்ல? கிளம்பு, நேரமாச்சு. வெளிய ஒரே புழுதி, கண்ணாடியை ஏத்திக்க.”

மருமகள் சாப்பாட்டுப் பையை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். கட்டிலில் கிடந்தவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நெஞ்சுக்குள் கத்திய கத்தல் எல்லாம் அந்த ஒரு விரல் வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. டேய், உன் பொண்டாட்டிடா. உனக்குக் கேக்கலையா?

மகன் கட்டிலில் உட்கார்ந்தான். தலையணையைச் சரிசெய்தான். தட்டிக்கொண்டிருந்த விரலை மெதுவாகப் பிடித்து, அவள் உள்ளங்கைக்குள் மடக்கி, மேலே தன் கையை வைத்து அழுத்தினான். பிறகு காதருகே குனிந்தான்.

“எனக்கும் கேக்குதும்மா. அதனாலதானே தினமும் நானே சூடு பண்ணி வைக்கிறேன்.”

‘கொஞ்ச நாள்’ என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தது யாருடைய நாட்களை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் அவன் பிடிக்குள் துடித்தது. அசைக்க முடியவில்லை.

அறை வாசலில் ஏதோ விழுந்தது. சாப்பாட்டுப் பை. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதை எடுக்கக்கூடக் குனியாமல் மருமகள் நின்றிருந்தாள். அவள் கை தானாக நெற்றிக்குப் போனது.

மகன் பிடியை விட்டான்.

மருமகள் கட்டிலருகே வந்து, மடங்கிக் கிடந்த அந்த விரலை நீவி நிமிர்த்திவிட்டாள். புருஷனின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே போய், டிக் டிக் சத்தமே இல்லாமல் நின்ற இடத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்த காரைச் சுற்றிக் கடந்து, கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தாள்.