எண்பத்தொரு சென்டிமீட்டர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சட்டம் ஒழுங்கைத் தாங்கும் மார்பு எண்பத்தொரு சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. மூச்சை இழுத்தால் மேலும் ஐந்து விரிய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அளவு நாடா கேட்காது.

அவன் சட்டையைக் கழற்றினான்.

காவலர் தேர்வு மைதானம். வெற்று மார்போடு இருநூறு பேர். இத்தனை பேர் நடுவில் பனியன்கூட இல்லாமல் நிற்பது, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

போன ஆண்டும் எழுத்துத் தேர்வில் தேறி இதே வரிசைக்கு வந்தான். இரண்டாவது பித்தானைக் கழற்றும்போதே பின்னால் நின்றவன் பார்த்துவிட்டான்.

"அக்கா, லேடீஸ் லைன் அந்தப் பக்கம்."

மரியாதையாகத்தான் சொன்னான். வரிசை சிரித்தது. இவன் பித்தானைப் போட்டுக்கொண்டு, நாடா மேலே படாமலே வீட்டுக்குப் போனான்.

ஆண்களுக்கும் மார்பு பெருப்பது உண்டு, நிறையப் பேருக்கு உண்டு என்றார் டாக்டர். வளரும் வயதில் வந்தால் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடுமாம். வடியாவிட்டாலும், ஆரம்பத்திலேயே அவரிடம் காட்டியிருந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கலாமாம்.

பதினான்கு ஆண்டு கழித்து வந்தவனுக்குக் கத்திதான் மிச்சம்.

வீட்டில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தான். ஆறு வாரம் இறுக்கமான பனியன். அதைக் கழற்றிய அன்று கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றான்.

தட்டை. அப்படியொரு தட்டை.

இந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. அதனால் என்ன, வந்துவிட்டான்.

ஏட்டு நாடாவைச் சுற்றினார். பார்த்தார். கொஞ்சம் இறக்கிச் சுற்றினார். ஏற்றிச் சுற்றினார். நல்ல மனிதர், நான்காவது முறை சற்றுத் தளர்த்தியும் பிடித்தார்.

எண்பதைத் தாண்டவில்லை.

"ஒரு சென்டி இடிக்குதேப்பா," என்றார். உண்மையிலேயே வருத்தம்தான் அவருக்கு. "வயசுப் பையன், நெஞ்சுல கொஞ்சம் சதை வச்சிருக்கக் கூடாதா?"

அவன் சரி என்பதுபோலத் தலையாட்டினான்.

சட்டையைக் கையில் பிடித்தபடி மைதானத்தின் நடுவாக வாசல்வரை நடந்தான்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.