பத்தேமுக்கால் அடி அகலம்

“ஆம்பளைங்க யாரும் இல்லையா?” என்றார் என் வீட்டுக்காரர், டைல்ஸ் கடைக்குள் நுழைந்த வேகத்தில்.

எதிரே சீருடையில் நின்ற பெண் அசரவில்லை. “நானே காட்டறேன் சார், வாங்க” என்றாள்.

அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. வேறு கடைக்குப் போகலாம் என்றவரைப் பிடித்திழுத்து இங்கே கூட்டி வந்தது நான்தான். அதனால் முறைப்பு முழுக்க எனக்கு.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை அவள் கையால் ஒரு வியாபாரமும் முடியவில்லை. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் வந்தவர்கள் சும்மா திரும்பிப் போனால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இவர் நேராகப் போய் நின்றது கதவு உயரத்துக்கு இருந்த பளபளப்பான டைல்ஸ் முன்னால். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு.

“புது வீட்டுக்கு இதுதான். தரைக்கும் இதே, பாத்ரூம் சுவருக்கும் இதே” என்றார், யாரையும் பார்க்காமல்.

கடையிலேயே விலை கூடியது அதுதான். சரி சார் என்று தலையை ஆட்டியிருந்தால் அவள் வேலை அங்கேயே நிலைத்திருக்கும்.

அவள் ஆட்டவில்லை. ஹால் அகலம் எவ்வளவு என்று கேட்டாள். பத்தேமுக்கால் அடி என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல.

“அப்ப இது வேண்டாம் சார். ஓரம் பூரா வெட்டுத் துண்டாத்தான் ஓடும்.”

உள்ளே போய் ஒரு டைலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. பதினாறு அங்குலச் சதுரம், மணல் நிறம், மினுக்கே கிடையாது. ஒரு வரிசைக்கு எட்டு போட்டால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வெட்டாமல் உட்கார்ந்துவிடும் என்றாள். பாத்ரூமில் தரைக்கும் சுவருக்கும் இதையே போட்டால் தரைக்கோடு அப்படியே சுவரில் ஏறும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

நான் மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். எட்டு சரியாகத்தான் வந்தது. இவரும் உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார். பார்க்காத மாதிரி நின்றுகொண்டேன்.

அடுத்து இரண்டு டைலிலும் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கச் சொன்னாள். பளபளப்பில் வைத்த கால் வழுக்கியது. விழுவதற்குள் இவர் முழங்கையை அவள் பிடித்துவிட்டாள். மணல் நிறத்தில் கால் ஆணி அடித்ததுபோல நின்றது. இவர் இறங்கவே இல்லை, அதன் மேலேயே நின்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்கு வாய் தவறியது.

“சமையல்கட்டு வாசல் தூணச் சுத்தியும் இதுன்னா அழகா முடிச்சிடலாம் சார்.”

எனக்குத் திக்கென்றது. தூண் என்ற பேச்சையே நாங்கள் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அதற்குள் மேனேஜர் வெளியே வந்து பின்னால் நின்றிருந்தார். “சார் சொல்லாத தூண நீ எங்கேருந்து கொண்டு வந்த? வாய்க்கு வந்ததச் சொல்லித்தான் விப்பியா?”

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. நான் இவரைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். வேண்டாத விருந்தாளியிடமே “எப்பக் கெளம்பறீங்க?” என்று கேட்டுவிடுகிற ரகம்.

“நான்தான் சொன்னேன்” என்றார் இவர், டைல் மேல் நின்றபடியே. “உள்ள வந்ததும் மொதல்ல தூணப் பத்தித்தான் சொன்னேன். பொண்ணு கவனமா கேட்டுக்கிச்சு. நீங்க கண்ணாடிக்குள்ள இருந்தா எப்படிக் கேக்கும்?”

மேனேஜர் அசடு வழிந்தார். வந்த வழியே திரும்பிப் போனார்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எழுதும்மா. எல்லாத் தரையும், ரெண்டு பாத்ரூம் சுவரும். இதே சதுரம்.”

அவள் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டாள். கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தோம். படியில் ஒரு சின்ன வயசு ஜோடி, பெரிய டைல்ஸா சின்ன டைல்ஸா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டியவர் நேராக அவர்களிடம் போனார். யாரும் கூப்பிடவில்லை.

“பளபளப்பப் பாத்து ஏமாறாதீங்க. ஹால் அகலத்த அளந்துட்டு வந்தீங்களா? உள்ள எங்க மருமக இருக்கா. அவ எதச் சொல்றாளோ அத வாங்குங்க.”

அவள் வேலைக்குப் போகவே கூடாது என்றவர். மீறிப் போன நாளிலிருந்து வீட்டில் அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர். “மாமா கடைக்கு வந்தா என்கூடப் பேசித்தானே ஆகணும், அத்தை” என்று காலையில் அவள்தான் எனக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

நான் ஆட்டோவைக் கூப்பிடாமல், அவர் ‘எங்க மருமக’ என்று இன்னொரு தடவை சொல்வாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.